மழைக்காட்டில் கொசுக் கணக்கெடுக்க சி.டி.சி. ஒளிப்பொறி போதுமா?

கடிக்கும் கொசு இனங்களைக் கணக்கெடுக்க மழைக்காட்டுக்குள் செல்பவர்கள் முதலில் தேடும் கருவி, அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் (சி.டி.சி.) பெயர் தாங்கிய சி.டி.சி. ஒளிப்பொறிதான். 1962இல் அந்த மையத்தின் ஆய்வாளர்களான சுடியாவும் சேம்பர்லினும் அறிமுகப்படுத்திய அதன் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை: மழையை மறைக்கும் மூடி, சிறு பல்பு, காற்றைக் கீழ்நோக்கி இழுக்கும் விசிறி, அடியில் ஒரு வலைப்பை, இவற்றை இயக்கும் 6 வோல்ட் பேட்டரி. பொறி எடை குறைந்தது, ஆனால் ஈயப் பேட்டரிகளைச் சுமந்துகொண்டு வழுக்கும் மேட்டில் ஏறும்போது அந்தப் பெருமை மறந்துபோகும்.

இரவில் பறக்கும் கியூலெக்ஸ் இனங்களும் அனாபிலஸ் இனங்கள் பலவும் இதில் நன்றாகவே விழுகின்றன. பல்பு எரியும்போது விட்டில்களும் வண்டுகளும் உடன் விழுந்து, பைக்குள் படபடத்துக் கொசுக்களின் செதில்களை உதிர்த்துவிடுவதுதான் பெரிய தொல்லை. ஏடிஸ் கொசுவின் இனத்தைச் சொல்வதே அதன் முதுகிலும் காலிலும் உள்ள செதில் கோலம் என்பதால், செதில் உதிர்ந்த கொசுவை நுண்ணோக்கியில் வைத்து இனம் பிரிப்பது பல நேரம் இயலாததாகிவிடுகிறது. பல்பைக் கழற்றிவிட்டு, கரியமில வாயுவை வெளியிடும் உலர் பனிக்கட்டியை மட்டும் அருகில் தொங்கவிட்டால் வேண்டாத பூச்சிகள் வெகுவாகக் குறைகின்றன. உலர் பனிக்கட்டி கிடைக்காத இடத்தில் ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த நீர் ஓரளவு கைகொடுக்கும்.

கட்டும் கயிற்றில் கிரீஸ் தடவ மறந்தால், விடிவதற்குள் எறும்புகள் நமக்கு முன்பே கணக்கெடுப்பை முடித்துவிடும். நாங்கள் வாங்கிய பொறிகளில் ஒன்றின் மோட்டார் காட்டின் ஈரத்தில் விரைவிலேயே துருப்பிடித்து நின்றது. ஆகவே உதிரி மோட்டார் இல்லாமல் புறப்பட வேண்டாம்.

இந்தப் பொறியின் உண்மையான குறை வேறு. ஆள் உயரத்தில் இரவில் மட்டும் தொங்கவிட்டால், அது காட்டின் தரைத்தளத்தை மட்டுமே காட்டும். தென், மத்திய அமெரிக்க மழைக்காடுகளில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஹீமகோகஸ் கொசுக்கள் பகலில், பெரும்பாலும் மர உச்சியில் கடிப்பவை. அவற்றுக்கு இந்த விளக்கு ஒரு பொருட்டே அல்ல. உகாண்டாவின் சிக்கா காட்டில் 1948இல் சிக்கா வைரஸ் கண்டறியப்பட்ட ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் கொசுக்களும் மரங்களின் மேல் அமைத்த மேடைகளில் பிடிக்கப்பட்டவையே. கப்பி கட்டி ஒரு பொறியை மர உச்சிக்கு ஏற்றுவதும், பகலுக்கென்று மனித வாடையைப் போன்ற மணப்பொருள் வைத்த பொறியைத் தனியே நிறுத்துவதும் கூடுதல் வசதிகள் அல்ல, கட்டாயத் தேவைகள்.

பையில் விழுந்ததெல்லாம் மனிதரைக் கடிப்பது என்று எழுதிவிடவும் கூடாது. விளக்கொளிக்குத் தாராளமாக வரும் யுரனோடீனியா கொசுக்களில் பல, தவளையின் குரலைத் தேடிச் சென்று தவளையைக் கடிப்பவை. இரத்தம் குடித்த பெண் கொசுக்களைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் இட்ட குப்பியில் உலர வைத்தால், அந்த இரத்தம் எந்த விலங்கினுடையது என்பதை ஆய்வகத்தில் மரபணுச் சோதனை மூலம் பின்னர் அறியலாம்.