முதல் ஸ்டீல்ஹெட்டுக்கு எந்தக் கைடு?

டிசம்பரில் ஒரு ஞாயிறு இரவு. கணினியில், ஆற்றில் மீன்பிடிக்க அழைத்துப்போகும் நான்கு கைடுகளின் பக்கங்கள் திறந்து கிடந்தன. பக்கத்தில் மச்சான், கையில் காப்பி. “எல்லாப் படத்திலயும் ஆள் சிரிக்கிறான், மீன் பெருசா இருக்கு. இதுல எதைப் பார்த்து முடிவு பண்றது அத்தான்?” என்றான்.

நியாயமான கேள்விதான். நாங்கள் இருவரும் தாமிரபரணிக் கரையில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவர்கள். சியாட்டிலுக்குக் குடிவந்த பிறகு நான் ஏரிகளில் ட்ரவுட் பிடித்திருக்கிறேன். ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்பது அந்த அனுபவம் எதற்கும் அடங்காத சமாச்சாரம்.

இத்தனைக்கும் ரெயின்போ ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் இருக்கும் ரெயின்போவும் அதுவேதான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருவதைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குப் போய் மறு வருஷமும் வரும். வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனும் இதுதான், 1969 முதல். இங்கே இதற்கு ‘ஆயிரம் வீச்சு மீன்’ என்று பட்டப்பெயர். ஆற்றில் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஓரிடத்தில் நிற்காது, வயிற்றுப் பசிக்காகக் கடிப்பதும் குறைவு. அதனால்தான் முதல் தடவைக்குக் கைடு வேண்டும் என்கிறேன். தனியாகப் போனால் மீன் இல்லாத தண்ணீரில் மூன்று குளிர்காலம் வீசிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். கௌலிட்ஸ் ஆற்றில் ஜெட் ஸ்லெட், ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஃபோர்க்ஸ் ஊரைச் சுற்றி ட்ரிஃப்ட் போட் என்னும் துடுப்புப் படகு, ஸ்காகிட் ஆற்றில் ஸ்பே என்னும் நீளக் கோலோடு நடந்து வீசுவது, கினால்ட் பழங்குடி நிலத்தில் அவர்களுடைய கைடு. விலையை வைத்து ஒப்பிட ஆரம்பித்து, கடைசியில் வேறொன்றை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

கௌலிட்ஸ் ஸ்லெட்

சியாட்டிலிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் இரண்டு மணி நேரம். ஸ்லெட் என்பது தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு. விசிறிக்குப் பதில் ஜெட் பம்பு இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பறக்கும். நான்கைந்து பேர் ஏறலாம், பல படகுகளில் ஹீட்டர்கூட உண்டு. தலைக்கு 250 டாலர் சொன்னார்கள்.

இங்கே நம் வேலை ரொம்பக் கம்மி. பதப்படுத்திய மீன்முட்டையைக் கைடே முள்ளில் கோத்துக் கொடுப்பார். “வீசு” என்றதும் எல்லாரும் ஒரே பக்கம் வீச வேண்டும். ஈயம் அடியில் தட்டித் தட்டி உருள, அதே வேகத்தில் படகையும் அவர் நழுவவிடுவார். கோல்முனை வளைந்தால் ரீலைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். மீன் எங்கே என்ற கணக்கு முழுக்க அவர் தலையில் நடக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அவர் நம் கையால் மீன் பிடிக்கிறார்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோலே பிடித்திராத ஒருவருக்கோ, பள்ளிக்கூடப் பிள்ளையை அழைத்துப்போகிறவருக்கோ இதைத்தான் சொல்வேன். இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, அங்கே முக்கியமாக வருவது பொரிப்பக மீன், அதாவது செயற்கையாகக் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டது. குஞ்சிலேயே முதுகுக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளம் செய்து விடுகிறார்கள். அந்தத் துடுப்பு இல்லாத மீனை, வரம்புக்குள், வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாம். இரண்டு, மேலே டகோமா பவர் நிறுவனத்தின் மேஃபீல்ட், மாஸிராக் அணைகள் இருக்கின்றன. மற்ற ஆறுகள் மழையில் பொங்கும்போதும் கௌலிட்ஸ் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பயணம் ரத்தாகும் பயம் குறைவு.

கூட்டம்தான் குறை. நல்ல நாளில் பொரிப்பகத்துக்குக் கீழே ப்ளூ க்ரீக் பக்கம் படகும் கரையுமாகத் திருவிழாதான்.

ஃபோர்க்ஸ் ட்ரிஃப்ட் போட்

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் இங்கேதான் முதல் முறை போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஃபோர்க்ஸ் மரம் வெட்டிப் பிழைத்த சின்ன ஊர். ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை. பக்கத்திலேயே போகச்சீல், கலாவா, சோல் டக், ஹோ என்று ஆறுகள். டிசம்பர், ஜனவரியில் பொரிப்பக மீன் ஏறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், அதில் 15 பவுண்டைத் தாண்டுபவையும் உண்டு. கைடு துடுப்பு போடுவார், முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 600 டாலர் வாக்கில் கேட்டார்கள்.

படங்களில் எல்லாரும் படகில் உட்கார்ந்தபடி கோல் பிடித்திருப்பார்கள். அவை பெரும்பாலும் பழைய படங்கள். 2020 டிசம்பரில் மாநில மீன், வனவிலங்குத் துறை இந்தக் கரையோர ஆறுகள் பலவற்றில் படகிலிருந்து மீன் பிடிப்பதற்குத் தடை போட்டது. மீன்முட்டை மாதிரி இயற்கை இரையும் கூடாது, செயற்கை இரை மட்டும். எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கி. அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு விதி மாறிக்கொண்டே இருக்கிறது. தடை இருக்கும் ஆற்றில் படகு என்பது டாக்ஸி மாதிரி. ஒரு கூழாங்கல் திட்டில் இறக்கிவிடுவார், நாம் தொடையளவு தண்ணீரில் நின்று வீச வேண்டும். ‘ஆறு மணி நேரம் படகில் உட்காரலாம், எனக்கு முட்டிவலி’ என்று நினைத்துப் போனால் கதை கந்தல்.

தண்ணீரில் நிற்கப் போட்டுக்கொள்வதற்கு இங்கே ‘வேடர்’ என்று பெயர். கண்ணப்ப நாயனார் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை, இது மார்பு வரை வரும் நீர்புகாத கால்சட்டை. அதைக் கைடு தருவாரா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வாடகைக்கு அளவு கிடைக்காமல் ஒரு காலை முழுக்க வீணானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? தக்கை கட்டி, கீழே ஜிக் என்னும் ஈயத்தலைக் கொக்கியைத் தொங்கவிட்டு, தூண்டில் நரம்பை நீரோட்டம் இழுக்காதபடி தூக்கித் தூக்கிப் போடக் கற்றுக்கொள்கிறோம். எந்த வேகத் தண்ணீரில் மீன் நிற்கும் என்று அவர் கை நீட்டிக் காட்டுகிறார். ‘நடக்கிற வேகத்தில் ஓடும் தண்ணீர், இடுப்பு முதல் கழுத்து ஆழம், மேலே லேசான சுருக்கம்’ என்று எங்கள் கைடு சொன்ன அடையாளத்தை இன்றும் வேறு ஆறுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்லெட்டில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

இன்னொரு லாபமும் உண்டு, ஆறுகளின் எண்ணிக்கை. ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளிலிருந்து வருகிறது, மழை அடித்தால் கலங்கித் தெளிய நாளாகும். சோல் டக் சீக்கிரம் தெளியும். ஃபோர்க்ஸ் கைடு ஒருவரிடம் ‘எந்த ஆற்றுக்குப் போகிறோம்?’ என்று இரண்டு வாரம் முன்பே கேட்டால் நல்லவர் பதில் சொல்லமாட்டார். முந்தைய நாள் இரவு நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அதைக் கேட்டு எரிச்சல்பட வேண்டாம்.

ஸ்காகிட் ஸ்பே

ஸ்பே கோல் 12 முதல் 14 அடி, இரண்டு கையாலும் வீசுவது. பார்க்கச் சிலம்பம் மாதிரி அழகாக இருக்கும். இந்த ஆற்றிலும் இதன் துணையாறு சாக்கிலும் வளர்ந்த வீச்சுமுறைக்கும் கனமான நூலுக்கும் உலகமெங்கும் ஸ்காகிட் என்றே பெயர். வீசு, கொக்கியில் கட்டிய போலி ஈ குறுக்காக நீந்தி வரட்டும், இரண்டு அடி நட, மறுபடி வீசு. தியானம்தான். ஆனால் முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. 600 டாலர் கொடுத்து நாள் முழுக்க வீசப் பழகிவிட்டு, மீன் இருக்கும் தூரத்துக்கு நூல் போகத் தொடங்கும்போது இருட்டிவிடும். ஸ்காகிட் ஓடும் பியூஜெட் சவுண்ட் பகுதியின் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அழியும் அபாயப் பட்டியலில் இருப்பதால், ஸ்காகிட் வசந்தகாலப் பருவம் திறக்குமா என்பதே ஒவ்வொரு ஆண்டும் கேள்வி. 2018ல்தான், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டிய பருவமாக மறுபடி திறந்தார்கள், பிறகும் திறக்காத ஆண்டுகள் உண்டு. ஈத்தூண்டிலில்தான் பிடிப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் முதலில் பூங்காப் புல்வெளியில் ஒரு மணி நேரப் பாடம் எடுத்துவிட்டு, ஒரெகானில் டெஷூட்ஸ் ஆற்றில் கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட்டுக்குப் போகலாம். அங்கும் படகிலிருந்து வீசக்கூடாது, கால் தரையில் இருக்க வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகாது என்பது பெரிய ஆறுதல். மதியம் தண்ணீர் சூடேறியதும் ‘போதும், மீனுக்கு ஆகாது’ என்று நிறுத்துகிற கைடு கிடைத்தால் விடாதீர்கள்.

கினால்ட்

கினால்ட் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் ஓடும் ஆற்றில் வெளியாள் மீன் பிடிக்க வேண்டுமென்றால் அந்த இனத்துக் கைடோடுதான் போக முடியும். அங்கே மாநில விதி செல்லாது, அவர்கள் அரசின் விதிதான். பெரிய பொரிப்பக மீனுக்குப் பேர்போன இடம். நாள் கிடைப்பதுதான் கஷ்டம், எங்களுக்கும் கிடைக்கவில்லை. அதனால் இதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை.

சரி, விலைக்கு வருவோம். பட்டியலில் 250, 600 என்று இருந்தாலும் 15 முதல் 20 சதவீதம் டிப் இங்கே வழக்கம். ஃபோர்க்ஸ் என்றால் நான்கு மணி நேரக் காரோட்டம், இரண்டு இரவு விடுதி எல்லாம் சேரும். மாநில மீன்பிடி உரிமமும் பிடிபதிவு அட்டையும் நம் செலவு, கைடு தரமாட்டார். கூட்டிப் பார்த்தால் ஸ்லெட்டுக்கும் ட்ரிஃப்ட் போட்டுக்கும் இடைவெளி பட்டியலில் தெரிவதைவிட அதிகம். பணம் மட்டுமே கணக்கு என்றால் கௌலிட்ஸ்தான், சந்தேகமே இல்லை.

ஒரே வழிக்குள் இரண்டு கைடுகளை ஒப்பிட, படங்களை நான் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். வாஷிங்டன் ஆறுகளில் காட்டு ஸ்டீல்ஹெட்டை விட்டுவிட வேண்டும். விட வேண்டிய மீனைத் தண்ணீரைவிட்டு முழுதாக வெளியே எடுக்கவும் கூடாது. எனவே கொழுப்புத் துடுப்பு முழுசாக இருக்கும் மீனை நெஞ்சுயரம் தூக்கிப் பிடித்த புதுப் படம் ஒரு கைடின் பக்கத்தில் இருந்தால், அவர் வாடிக்கையாளரின் மகிழ்ச்சிக்காக விதியை வளைப்பவர். மீனிடம் வளைப்பவர் முன்பணத்திலும் வளைப்பார் என்பது என் சந்தேகம். எங்கள் பட்டியலில் ஒருவர் இப்படித்தான் கழிந்தார்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜனவரியில் நான் தனியாக ஒரு கைடைப் பதிவு செய்திருந்தேன், பெயர் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் (யு.எஸ்.ஜி.எஸ்.) ஆற்று நீர்மட்டப் பக்கத்தில் ஆற்றின் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக ஏறியது. போன் போட்டேன். “வாங்க, பார்த்துக்கலாம்” என்றார். போனேன். ஆறு பால் கலந்த டீ நிறத்தில் முழு மரங்களைச் சுமந்துகொண்டு போனது. நான்கு மணி நேரம் கரையோரத்தில் கடனே என்று வீசினோம். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்.

அதனால் இந்த முறை எல்லாரிடமும் ஒரே கேள்வி: ஆறு பொங்கினால் யார் முடிவெடுப்பது, என் முன்பணம் என்ன ஆகும்? பருவமே இடையில் மூடப்பட்டால்? இது கற்பனை இல்லை, 2022ல் கரையோர ஆறுகளை மார்ச் 1 அன்றே மூடினார்கள். ஒருவர் ‘முன்பணம் திரும்பாது’ என்று ஒரே வரியில் முடித்தார். ஒருவர் வேறு நாள் தருவதாகச் சொன்னார், வேறு வருஷம் என்று பிறகு புரிந்தது. மூன்றாமவர், ஃபோர்க்ஸ்காரர், “வரவேண்டாம்னு நானே போன் பண்ணுவேன், பணம் திரும்பும்” என்றதோடு நிற்காமல், “நீங்க ரெண்டு பேரும் முன்னாடி என்ன வீசியிருக்கீங்க? வழுக்குப் பாறையில நிக்க முடியுமா?” என்று திருப்பிக் கேட்டார். மச்சான் உண்மையைச் சொல்லிவிட்டான். “அப்போ பிப்ரவரி வேண்டாம், தண்ணி அதிகம். மார்ச் நடுவுல வாங்க. அதுவரை பூங்காவுல தினம் இருபது தடவை வீசிப் பழகுங்க” என்றார். அவரைத்தான் பிடித்தோம். உரிமம், காப்பீடு, முதலுதவிச் சான்று எல்லாம் கேட்டபோதும் முகம் சுளிக்கவில்லை. மோட்டார் படகுக்காரராக இருந்தால் கடலோரக் காவல்படை உரிமத்தையும் கேளுங்கள்.

மார்ச்சில் இரண்டு நாள். முதல் நாள் பூஜ்யம், மச்சானின் ரீலில் நரம்பு மூன்று முறை தூக்கணாங்குருவிக் கூடு கட்டியது. இரண்டாம் நாள் பத்து மணிவாக்கில் சோல் டக்கில் என் தக்கை முங்கியது. கோலைத் தூக்கினேன், வெள்ளியாக ஒன்று காற்றில் எழும்பியது, நரம்பு தளர்ந்தது. அவ்வளவுதான் என் பங்கு. மதியம் மச்சானுக்கு மாட்டியது, எட்டுப் பவுண்டு இருக்கலாம், துடுப்பு முழுசாக இருந்த காட்டு மீன். கைடு முழங்கால் மடித்து வலைக்குள் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றினார். படம் எடுக்க மச்சான் குனிந்த நேரத்தில் அது போய்விட்டது. கைபேசியில் இருப்பது அவனுடைய ஈரக்கையும் கொஞ்சம் நுரையும்.

ஊருக்குப் போனதும் அக்காவுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினான். அவள் கேட்டது: “மீன் எங்கடா?”