ஏ-10ஆ, சுகோய் 25ஆ: அடி வாங்கினாலும் திரும்பி வாறது எது?

டிசிஎஸ் எண்ட, கம்பியூட்டர்ல சண்டைப் பிளேன் ஓட்டுற சிமுலேட்டர் ஓடுற ஆக்கள் கனபேர் முதல்ல தொடுறது சுகோய் 25டி தான், ஏனெண்டா அதைச் சும்மா தாறானுகள், ஏ-10சிக்கு டொலர்ல காசு கட்டோணும். நானும் சுகோய்ல தான் பழகினன், மறுகா சேல் போட்ட நேரம் பாத்து ஏ-10 வாங்கிட்டன். கல்லடிப் பொடியன்மார் இன்னும் "சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு ஏன்டா காசைக் கரியாக்கினாய்" எண்டு கேக்கானுகள், அதுக்குத்தான் இதை எழுதுறன்.

ஏ-10 அமெரிக்கன்ட, சுகோய் 25 ரஷ்யன்ட, ரெண்டும் ஒரே வேலைக்குச் செஞ்ச பிளேன், தாழப் பறந்து டாங்கி, கவச வாகனம் அடிக்கிறது. ஏ-10 முதல்ல பறந்தது 1972ல, சுகோய் 1975ல. ரெண்டுலயும் பைலட்டைச் சுத்தி டைட்டேனியத் தகடு, ரெண்டு துவக்கும் 30 மி.மீ. ஏ-10க்கு ஏழு குழல், ஆயிரத்துக்கு மேல ரவை கொள்ளும், சுகோய்க்கு ரெட்டைக் குழல், 250 ரவை. வேகம் எண்டா சுகோய் தான், மணிக்கு 950 கி.மீ.க்குக் கிட்ட ஓடும், ஏ-10 700 தான். துவக்குச் சத்தத்துக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கு, அதை விடுங்க.

நான் பாத்தது எஞ்சின் எங்க கிடக்கு எண்டதை. தாழப் பறக்கிற பிளேனுக்கு எமன் தோள்ல வச்சு அடிக்கிற மிசைல், அது என்ன செய்யும் எண்டு 1995 ஏப்ரல்ல விமானப்படையின்ட ரெண்டு அவ்ரோ பிளேன் விழுந்ததுல இருந்து இலங்கையில எல்லாருக்கும் தெரியும். அது தேடிப் போறது எஞ்சின் சூட்டை. சுகோயில ரெண்டு எஞ்சினும் உடம்போட ஒட்டி, கிட்டக் கிட்ட இருக்கு, புகையும் நல்ல சூடு. ரஷ்யன் சண்டை பிடிச்ச ஆப்கானிஸ்தான்ல 1986ல ஸ்டிங்கர் எண்ட தோள் மிசைல் வந்தாப்போல இது நல்லா வெளிச்சது, ஒரு எஞ்சின்ல பட்டா நெருப்பு மற்றதுக்குப் பாயும், பக்கத்துப் பக்கத்துக் கிடுகு வீடு மாதிரி. மறுகா ரஷ்யன் ரெண்டுக்கும் நடுவுல 5 மி.மீ. இரும்புத் தகடு வச்சு, நெருப்பணைக்கிற சாமானும் கூட்டித்தான் சமாளிச்சவன்.

ஏ-10ல இந்தப் பிரச்சினையை வரையிற நேரமே யோசிச்சிருக்கானுகள். எஞ்சின் ரெண்டும் பின்பக்கம் மேல, ஒண்டுக்கொண்டு தள்ளி, ஒண்டு எரிஞ்சாலும் மற்றது தன்ர பாட்டுல ஓடும். கூடுதலான காத்தை எஞ்சினைச் சுத்தித் தள்ளுற வகை எண்டதால புகையில சூடு குறைவு, அதையும் ரெட்டை வால் கீழ நிக்கிறவன்ட கண்ணுக்குக் கொஞ்சம் மறைச்சிரும். சக்கரம் மடிச்சாலும் பாதி வெளிய தெரியும், வயித்தால இறங்க வேண்டி வந்தா உடம்பு அவ்வளவா சேதப்படாது. பிளேனைத் திருப்புற ஹைட்ரோலிக் (எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்றது) முழுக்கப் போனாலும் கம்பியால இழுத்து ஓட்டலாம். 2003 ஏப்ரல் 7ல பாக்தாத்துக்கு மேல அடி வாங்கின கிம் கெம்பல் எண்ட பைலட் அப்பிடித்தான் ஓட்டிக்கொண்டு வந்து ஒழுங்கா இறக்கினவ, பின்செட்டையெல்லாம் சல்லடை, படத்தைத் தேடிப் பாருங்க.

எனக்கு சிமுலேட்டர்ல வித்தியாசம் தெரிஞ்சதும் இதுலதான். சுகோய்ல வாலுக்குப் பின்னால ஒண்டு வெடிச்சா அநேகமா எஜெக்ட் பண்ணி வெளிய பாயிற கதைதான், ஏ-10ல நெருப்பு லைட் எரியும், அந்தப் பக்கக் கைபிடியை இழுத்து எண்ணெயை வெட்டி, நெருப்பணைக்கிற போத்தலைத் திறந்து விட்டு, மற்ற எஞ்சின்ல சரிஞ்சு சரிஞ்சு வந்து சேரலாம். ஆனா உயிர்ப்பயம் இல்லாம கதிரையில இருந்து ஓட்டுறவன் சொல்ற கதை இது, அந்தளவுக்கு எடுங்க.

சுகோயை ஒரேயடியாக் கழிக்கவும் ஏலாது. புழுதி ரன்வேயில ஏறும், கெரசின் இல்லாட்டி டீசல் ஊத்தினாலும் ஓடும், பராமரிப்புச் சாமானையும் செட்டைக்குக் கீழ தானே கட்டிக்கொண்டு போகும். காசில்லாத நாட்டுக்கு அதுதான் சரி.

ரேடார் மிசைல், வண்டியில ஏத்தின மிசைல் எண்டு வந்தா ரெண்டும் பாவம். 1991 பெப்ரவரியில ஈராக்கின் குடியரசுக் காவல் படைக்கு மேல போன ஏ-10 ரெண்டு ஒரே நாள்ல விழ, அமெரிக்கன் அதுகளை அங்கால விடாமப் பின்னுக்கு எடுத்தவன். உக்ரைன்ல ரெண்டு பக்கமும் சுகோய் கனக்க விழுந்திருக்கு, ஏ-10 அங்க போகவேயில்ல, அதால அதை வச்சு எது திறம் எண்டு சொல்றது நியாயமில்ல.

புதுசாத் தொடங்குற ஆக்கள் முதல்ல சும்மா கிடைக்கிற சுகோய்லயே பழகுங்க, ஏ-10ன்ட பொத்தானெல்லாம் படிக்கவே கனநாள் எடுக்கும். வாங்கிறதெண்டா சேல் வரும், அதுவரைக்கும் பொறுங்க.