என் எஞ்சினில் இல்லாத பாகத்தை மாற்றியதாக 780 பவுண்டு வாங்கினார்கள்

அந்தக் கேரேஜின் பெயரை இங்கே போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அது ஒரு முடிவுக்கு வரட்டும். இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிற கேரேஜ், அவ்வளவு போதும். நம்மவர்கள் நிறைய பேர் இந்தப் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கார் 2000ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் எஞ்சின். இரண்டே சீட், மேலே துணிக் கூரை. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கோடீஸ்வரச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான், பத்து லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். இங்கே பழசு சல்லிசாகவே கிடைக்கும். நான் 2,300 பவுண்டுக்கு வாங்கினேன். வீட்டில் கேட்டது ஒரே கேள்வி: “பிள்ளைங்க எங்க உட்காருவாங்க?” இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, வண்டியைக் கிளப்பியதும் பானெட்டுக்குள் ஒரு சத்தம். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. வண்டி சும்மா நிற்கும்போது லேசாகக் கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று காட்டுகிற முள் 2,500க்கு வந்தால் காது கூசும். 3,000 தாண்டினால் சத்தமே இல்லை. அரைமணி ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடேறினால் பாதி அடங்கிவிடும். இவ்வளவையும் அந்தக் கேரேஜ்காரரிடம் வரி விடாமல் சொன்னேன். பாதி பதில் இதிலேயே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தார். “டேப்பட் சத்தம். இந்த வண்டிகளுக்கு இருக்கிற வியாதிதான்” என்றார். டேப்பட் என்பது எஞ்சினின் வால்வுகளைத் தள்ளித் திறக்கிற சின்னப் பாகம். ஹைட்ராலிக் என்றால் உள்ளே போகிற ஆயிலின் அழுத்தத்தில் தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிற வகை. அந்த ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் ஆயில் போகிற வழி அடைத்திருக்கும், எஞ்சினைக் கழுவி ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்து நெட்டில் தேடினேன். எம்எக்ஸ்-5 என்று அடித்தாலே டேப்பட் சத்தம் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. ஆகா, மனிதர் விஷயம் தெரிந்தவர் என்று சமாதானம் ஆகிவிட்டேன். ஃப்ளஷ், ஆயில், ஃபில்டர், பார்த்த கூலி எல்லாம் சேர்த்து 165 பவுண்டு, கார்டில் கட்டினேன்.

நாலாவது நாள் புளியங்கொட்டை திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை போனபோது முகத்தைக் கொஞ்சம் சீரியஸாக வைத்துக்கொண்டார். டேப்பட் பதினாறையும் மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் டேப்பட்டை அழுத்துகிற கேம்ஷாஃப்ட் தண்டும் சேர்ந்து போய்விடும், அப்புறம் எஞ்சினே மாற்ற வேண்டியதுதான் என்றார். கார்டு என்றால் வாட் வரி சேர்த்து 936 பவுண்டு, கையில் காசாகக் கொடுத்தால் 780. நம்ம ஊர் புத்தி, 156 பவுண்டு மிச்சம் என்று சந்தோஷமாக ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிஷமே எனக்கிருந்த ஒரு பிடி கைநழுவிப் போனது. இந்த நாட்டில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வேலை மோசம் என்றால் கார்டு கம்பெனியிடமே நேராகப் பணம் கேட்க சட்டம் இருக்கிறது. ரொக்கத்துக்கு அது கிடையாது. கையால் எழுதிய ரசீது ஒன்றைத் தந்தார்: ஹைட்ராலிக் லிஃப்டர் (டேப்பட்டுக்கு இன்னொரு பெயர்) 16, கேஸ்கெட், கூலி 6 மணி நேரம். பழைய பாகங்களைக் கேட்டேன். “குப்பையில் போட்டாச்சு” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சரி என்றேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஆனால் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஒன்பது நாள். பத்தாம் நாள் எம்4 சாலையிலிருந்து இறங்கும் வளைவில் கியரைக் குறைத்தேன். முள் 2,500ஐத் தொட்டதும் அதே டப்பா, அதே புளியங்கொட்டை.

ஆபீஸ் நண்பர் ஒருவரின் மாமா ஸ்லோ என்ற ஊரில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து இப்போது ஓய்வில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து முதலில் அதைத் தாங்குகிற கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது கிளிப்பில் சரியாக உட்காராமல் அடித்துக்கொண்டே இருக்குமாம், அதற்கே எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டாம். அது இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து எக்ஸாஸ்ட் பக்கமாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், பலாப்பழம் பார்க்கிற மாதிரி. ஒரு இடத்தில் கிலுகிலு என்றது.

“தம்பி, கழுத்தில கிடக்கிற மப்ளரைக் கழட்டிப் போட்டிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணும்” என்றார். பெல்ட்டில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும், ஃபேன் எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை டேப்பட் கவர்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். என்னையும் கேட்கச் சொன்னார். தையல் மெஷின் ஓடுவது போல ஒரே சீராக டிக்டிக்டிக். அதில் எந்தக் கோளாறும் இல்லை. அடுத்து விளக்குமாற்றுக் கட்டையின் முனையால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியே வருகிற குழாயை, மூடியிருக்கிற தகட்டை அழுத்தினார். என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். 2,500, சத்தம் இல்லை. கட்டையை எடுத்தார், கடகடகட. வைத்தார், நின்றது. குழந்தைக்குக் காட்டுவது போல மூன்று தடவை செய்து காட்டினார்.

“எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை. உந்தத் தகடுதான் ஆடுது.”

அதுதான் ஹீட் ஷீல்டு. எக்ஸாஸ்ட் சூடு மற்ற பாகங்களுக்குப் போகாமல் தடுக்கிற மெல்லிய தகடு. இந்த ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். போல்ட்டைச் சுற்றித் தகடு துருப்பிடித்து ஓட்டை பெரிதாகி, போல்ட் தலையே ஓட்டைக்குள் நழுவுகிற அளவுக்கு வந்துவிடுகிறது. தளர்ந்த தகடு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எஞ்சினோடு சேர்ந்து அதிரும், அதைத் தாண்டினால் அடங்கும். சூடேறி விரிந்தால் கொஞ்சம் இறுகிக்கொள்ளும். டேப்பட் சத்தம் என்றால் ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் கூடவே ஏறும், நடுவில் காணாமல் போகாது. நான் முதல் நாள் அந்தக் கேரேஜ்காரரிடம் சொன்னதெல்லாம் இதைத்தான்.

அடியிலிருந்து ‘தொம் தொம்’ என்று கனமாக, வண்டி இழுக்கும்போது கூடுகிற சத்தம் வேறு கதை என்றார் அந்த யாழ்ப்பாணத்து அண்ணை. அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும், வீடு வரை கூட ஓட்டக் கூடாது.

டார்ச் அடித்துத் தகட்டுக்குப் பின்னால் பார்த்தவர் இடுக்கியை விட்டு ஏதோ ஒன்றை இழுத்தார். ஒரு சாண் நீளத்தில் மெல்லிய கம்பி, முறுக்கிக் கட்டியது, அதிர்வில் அறுந்திருந்தது. சுற்றிலும் எல்லாம் துருப்பிடித்த காபி நிறம். கம்பி மட்டும் புதுசாகப் பளபளத்தது.

அந்தக் கம்பியைக் கையில் வாங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் அப்பாவின் எம்80 வண்டிக்கு சைலன்சரை மூடுகிற தகடு இப்படித்தான் கடகடக்கும். வேலியில் கிடக்கிற கட்டுக்கம்பியை எடுத்து இரண்டு சுற்று சுற்றி இடுக்கியால் முறுக்கிவிட்டு ஆபீஸ் போய்விடுவார். அந்த வேலையைத்தான் இவர்களும் செய்திருக்கிறார்கள். கோளாறு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

“டேப்பட் மாத்தினதெண்டு ஆர் உமக்குச் சொன்னது?” என்று ரசீதை வாங்கிப் படித்தவர் சிரிக்க ஆரம்பித்தார். “தம்பி, இந்த எஞ்சினுக்கு ஹைட்ராலிக் டேப்பட்டே இல்லை. நீர் காசு குடுத்திட்டீரோ?”

1989இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் இருந்தது ஹைட்ராலிக். நான் நெட்டில் படித்த பக்கங்கள் எல்லாம் அந்த வண்டியைப் பற்றியவை. என்னுடையது இரண்டாம் தலைமுறை, 1.8. டேப்பட் கவர் போல்ட்டுகளைக் காட்டினார். தலையைச் சுற்றி வருஷக்கணக்கான ஆயில் அழுக்கு அப்படியே அப்பிக் கிடந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. அதைப் போட்டோ எடுத்த பிறகே கவரைக் கழற்றினார். உள்ளே பதினாறு டேப்பட், ஒவ்வொன்றின் தலையிலும் காசு மாதிரி ஒரு வட்டத் தகடு. ஷிம் என்கிறார்கள். இடைவெளி கூடினால் தடிமனான ஷிம் வைப்பது, குறைந்தால் மெலிந்தது வைப்பது, அவ்வளவுதான். ஆயில் அடைத்துக்கொள்ள அதில் வழியே இல்லை.

தகட்டின் போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்துவிட்டு இரண்டு டீ குடித்தோம். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து மிச்சம் உள்ளேயே நின்றுவிடுமாம், அதுதான் உண்மையிலேயே செலவு வைக்கிற வேலை. பிறகு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகக் கழற்றி, அகலமான ஸ்டெயின்லெஸ் வாஷர்களைக் கொடுத்து இறுக்கினார். வாஷர் விலை நாலு பவுண்டு. கூலி எவ்வளவு கேட்டும் வாங்கவில்லை. ஆறு வாரம் ஆகிறது, சத்தம் இல்லை.

அந்தக் கேரேஜுக்குப் போனேன். ரசீதில் எழுதிய வார்த்தை மட்டும்தான் தப்பு, வேலை செய்தது நிஜம் என்றார்கள். அழுக்குப் போல்ட் போட்டோவைக் காட்டியதும் முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் நல்லெண்ணத்துக்காக 200 பவுண்டு தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்புக்குப் போன் செய்தேன், இலவசம்தான். 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றார்கள். வர்த்தகத் தரநிலை அதிகாரிகளுக்கும் தகவல் அவர்கள் வழியாகவே போகிறது. 945 பவுண்டையும் கேட்டு, 14 நாள் கெடு வைத்து, கையெழுத்து வாங்குகிற தபாலில் கடிதம் அனுப்பினேன். 10,000 பவுண்டு வரை சிறுவழக்காக ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் தேவையில்லை.

கெடு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. ரசீதும் போட்டோக்களும் ஒரு கவரில் இருக்கின்றன, அறுந்த கம்பியும் அதே கவரில்தான். அண்ணை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பதில் வந்தால் இதன் கீழே சேர்க்கிறேன்.