ஒரே லெவனா, ரொட்டேஷனா? மூணு நாளுக்கு ஒரு மேட்ச்னா எது தாங்கும்

ஃபுட்பால்ல வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னு ஆயிட்டா கோச்சுக்கு ரெண்டே வழிதான், நல்லா ஆடுற அதே பதினோரு பேரை இறக்குறது, இல்லன்னா மாத்தி மாத்தி இறக்குறது.

ஒரே லெவன்ல யாரு எங்க ஓடுவாங்கன்னு பார்க்காமலே பாஸ் போகும், அது பெரிய பலம்தான். ஆனா ஒரு ஃபுட்பால் மேட்ச்ல தீர்ந்துபோன கிளைக்கோஜன், அதாவது ஓடுறதுக்கான சர்க்கரைச் சேமிப்பு, தசையில திரும்ப நிரம்பவே ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்குள்ள அடுத்த மேட்ச், நடுவுல ஃப்ளைட், தூக்கமும் கெட்டு, கடைசில தொடையோட பின்தசை பிடிச்சுக்கும். ஸ்பெயின் மிட்ஃபீல்டர் பெட்ரி 2021ல யூரோ கோப்பை முடிச்ச கையோட டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஃபைனல் வரைக்கும் ஆடினாரு, அடுத்த சீசன்ல தொடைக் காயத்தால மாசக்கணக்குல வெளிய. அப்ப அவருக்கு 18 வயசுங்க, நினைச்சா இன்னும் கோவம் வருது.

மனசும் சேர்ந்துதான் களைக்கும். ஜெயிச்சதைக் கொண்டாடவோ தோத்ததை ஜீரணிக்கவோ நேரமே இல்லாம, ஆட்டம் மேல இருந்த ஆசையே போயிடும்.

ரொட்டேஷன் உடம்பைக் காப்பாத்தும், ஆனா பெஞ்சுல உக்கார்றவங்களுக்கு நம்மளக் கழட்டி விட்டுட்டாங்களோன்னு பயம் வரும், அதனால காரணத்தை முன்னாடியே நேர்ல சொல்லிடணும். சின்ன டீமுக்கு அத்தனை ஆளும் இருக்காது. ஒரு மேட்ச்ல அஞ்சு சப்ஸ்டிட்யூட் வரைக்கும் இறக்கலாம்ங்கிற விதி 2022ல நிரந்தரமானது அவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

என் ஓட்டு ரொட்டேஷனுக்குத்தான். கீப்பரையும் நடு டிஃபென்ஸ்ல நிக்கிற சென்டர் பேக்கையும் முடிஞ்ச வரைக்கும் மாத்தாம, ஓரத்துல அதிகமா ஸ்பிரிண்ட் அடிக்கிற விங்கர், ஃபுல் பேக்கை முதல்ல மாத்தலாம்.