சர்வீஸுக்கு விட்ட காரில் சேதம்: பேசித் தீர்ப்பதா, இன்சூரன்ஸா, நுகர்வோர் ஆணையமா?

சர்வீஸுக்கு விட்ட கார் புதுக் கீறலோடு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். "கம்பெனிக்கு மெயில் போடு", "இன்சூரன்ஸ்ல போட்டுக்கோ", "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ", "ஸ்டேஷன்ல எழுதிக் கொடு, தானா வழிக்கு வருவாங்க". எல்லாமே இருக்கிற வழிகள்தான். எந்தச் சேதத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பம்பர் கீறலுக்காக நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு, அலைவது வீண். இன்ஜின் பிடித்துப்போன வண்டியை வைத்துக்கொண்டு சர்வீஸ் அட்வைசரிடம் மாசக்கணக்கில் கெஞ்சுவதும் வீண்.

எங்கள் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வாசல். ஒன்று, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூரில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்கள். இன்னொன்று, பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று எந்த ஊருக்குப் போனாலும் இருக்கும் மெக்கானிக் ஷெட். சென்டரில் பில், ஜாப் கார்டு, கேமரா எல்லாம் உண்டு; ஆனால் நம்மிடம் பேசுகிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது. ஷெட்டில் பெரும்பாலும் காகிதமே இருக்காது. ஆனால் முதலாளியே ஸ்பானரோடு எதிரில் நிற்பார். பின்னால் வரும் எல்லா வழிகளும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தே அமையும்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டி உள்ளே போகும்போது எப்படி இருந்தது? அதற்கு ஜாப் கார்டுதான் பதில். சென்டரில் வண்டியை வாங்கும்போதே ஏற்கெனவே உள்ள கீறல், நெளிவு, ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் அதில் குறிப்பார்கள். அதன் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஷெட்டில் விடும்போது செல்போனில் வண்டியைச் சுற்றி வந்து ஒரு வீடியோ, மீட்டர் தெரிகிற மாதிரி ஒரு படம். கதவு விளிம்பு, நான்கு வீல், பம்பரின் கீழ்ப்பகுதி மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

சேதத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது, இன்ஜின் ஆயில் நிற்கும் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி மாட்டுவார்கள். பல வண்டிகளில் சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. கையால் இரண்டு சுற்று ஏற்றாமல் எடுத்த எடுப்பிலேயே கன் (போல்ட் முறுக்கும் மெஷின்) வைத்து முறுக்கினால் போல்ட் சாய்ந்து ஏறி, அலுமினிய மரையை (போல்ட் ஏறும் திருகுப் பள்ளத்தை) உரித்துவிடும். அப்புறம் அந்தப் போல்ட்டைக் கழற்றினால் அதன் பள்ளங்களில் வெள்ளை நிறத்தில் மெல்லிய சுருள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால், மரை போனது தெரிந்தே மூடிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்தப் போல்ட்டைத் துடைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், இடத்தோடு படமும் எடுங்கள். துணியால் துடைத்துவிட்டால் பாதி ஆதாரம் போச்சு.

லிஃப்டில் ஏற்றும்போது வரும் சேதமும் இப்படித்தான். லிஃப்டின் கை உரிய இடத்தில் உட்காராவிட்டால் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பு மடங்கிவிடும். மடிப்பில் பெயின்ட் வெடித்து இரும்பு பளபளவென்று தெரிந்தால் சேதம் புதிது. துரு ஏறியிருந்தால் பழையது; அதை சர்வீஸ்காரர் தலையில் கட்டக் கூடாது. நியாயம் நம் பக்கம் இருக்கிறதா என்று முதலில் நமக்கே தெரிய வேண்டும் இல்லையா.

இன்னொரு விஷயம், இதில் உயிரே அடங்கியிருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் பிரேக்கோ வீலோ சந்தேகம் தந்தால் அப்படியே தொப்பூர் கணவாயில் இறக்கிவிடாதீர்கள். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி, ரிகவரி வண்டியைக் கூப்பிடுங்கள். "கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் இன்ஜினும் போகும். விளக்கைப் பார்த்தும் நீங்கள்தான் ஓட்டிக் கெடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல வழியும் கிடைத்துவிடும்.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151 சொல்வது இதுதான்: நம் பொருளைத் தன் பொறுப்பில் வாங்கியவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இன்னும் நேரடியானது. 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில், சாவியை வாங்கி ஊழியர்களே நிறுத்திய மாருதி ஜென் கார் திருடுபோனது. "நிறுத்துபவர் பொறுப்பு" என்று டோக்கனில் அச்சடித்திருந்தது ஓட்டலைக் காப்பாற்றவில்லை. தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று காட்ட வேண்டியது வண்டியை வாங்கிக்கொண்டவரே என்றது நீதிமன்றம். ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

வெளிச்சேதத்துக்கு நேரில் பேசுவதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் வண்டி கேட்டைத் தாண்டும் முன்பே பேச வேண்டும். வாட்டர் வாஷ் ஈரம் காயும்வரை நின்று, வெயிலில் சுற்றிப் பாருங்கள்; ஈரத்தில் கீறல் தெரியாது. காட்டினால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இது முன்னாடியே இருந்துச்சு சார்." அதற்குத் திருப்பிக் கேளுங்கள்: "அப்படின்னா உங்க ஜாப் கார்டுல ஏன் சார் எழுதல?" அதற்குப் பிறகு பேச்சு ஒர்க்ஸ் மேனேஜரிடம் போகும். கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், அந்த நாளின் பதிவை எடுத்து வைக்கச் சொல்லி அன்றே மெயில் போட்டுவிடுங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

பணம் கட்டாமல் வண்டியை எடுத்தே தீருவேன் என்று மல்லுக்கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க வேலை செய்தவருக்கு உரிமை தருகிறது. பணத்தைக் கட்டுங்கள். ஆனால் பில்லில் "சேதம் குறித்த ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் படம் எடுங்கள். திருப்தி என்று டிக் அடித்துத் தரும் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஷெட்டில் இந்தக் காகித வழி எடுபடாது. அங்கே இன்னொரு மெக்கானிக்கை, இருவருக்கும் தெரிந்தவரை, கூட்டிப் போவதுதான் பலிக்கும். "அண்ணா, நான் சொல்றதை விடுங்க, நீங்களே அடியில படுத்து ஒரு தடவை பாருங்கண்ணா" என்றால் தொழில் தெரிந்த இருவர் முன்னால் மறுப்பது கடினம். மரை போன சேம்பருக்கு லேத் பட்டறையில் ஹெலிகாயில் (உரிந்த மரைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்) போடலாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஒழுங்காகப் போட்டால் பழைய மரையைவிடப் பலமாகவே நிற்கும், செலவும் புது சேம்பரைவிடக் குறைவு. செலவு அவருடையது, ஒரு ஆயில் மாற்றம் வரை ஒழுகினால் பொறுப்பும் அவருடையது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

சென்டரில் பேச்சு முறிந்தால் அடுத்து கார் கம்பெனியின் தலைமை அலுவலகமா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணா? இரண்டையும் தட்டலாம், தலைமை அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள். டீலர் தனி முதலாளி. கம்பெனியின் அங்கீகாரத்தில் தொழில் நடத்துகிறவர். மேலிருந்து வரும் மெயில் ஒர்க்ஸ் மேனேஜரின் குரலை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். 1915இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஆனால் அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்களே தவிர, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஷெட் விஷயத்தில் மேலே கம்பெனியே கிடையாது என்பதால் இரண்டுமே பெரிதாக உதவாது.

இன்சூரன்ஸ் வழியைப் பலர் சுலபம் என்று நினைக்கிறார்கள். சர்வீஸ் சென்டர்களே சில சமயம் இதைத்தான் முன்வைக்கும்: "இன்சூரன்ஸ்ல போட்டுப் பண்ணித் தர்றோம் சார்." இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் செய்த சேதத்துக்கு நம் பாலிசியைக் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) 50 சதவீதம் என்றால் இப்போது கட்டுவது 4,000. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்யம். அதன் பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50க்கு வரும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதோடு ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்தே போகும் கட்டாயக் கழிவு, இன்ஜின் 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சில ஆயிரத்தில் முடியும் பம்பர் பெயின்டிங்குக்கு இது கட்டுபடியாகுமா?

தவிர, இன்ஜின் உள்ளே வந்த இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் வரவே வராது. இன்சூரன்ஸ் உதவுவது ஒரு இடத்தில்தான்: ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனவர் எதிலாவது மோதி வண்டி பெரிதாக நசுங்கினால். அப்போதும் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்று பாருங்கள். நடந்ததை நடந்தபடியே கிளெய்மில் எழுதுங்கள். நாமே ஓட்டியதாக எழுதச் சொல்வார்கள், எழுதவே கூடாது. பின்னால் தெரிந்தால் கிளெய்ம் மொத்தமும் போகும்.

போலீஸ் வழி பற்றி இவ்வளவு போதும். வேண்டுமென்றே செய்யாத சேதம் உரிமையியல் (சிவில்) விஷயம். ஸ்டேஷனில் அதிகபட்சம் ஒரு சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) தந்து கூப்பிட்டுப் பேசுவார்கள். யாரையாவது இடித்துவிட்டார்கள், பாகங்களைத் திருடிவிட்டார்கள் என்றால் மட்டும் தயங்காமல் போங்கள்.

ஷெட்காரரோடு பேச்சு முறிந்தால் நான் முதலில் சொல்வது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்கு போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு விஷயத்தைக் கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்பினால் அந்த முடிவுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. உள்ளூரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இது மரியாதையான வழி. ஆனால் எதிர்த்தரப்பு ஒப்பவில்லை என்றால் அங்கே எதுவும் நடக்காது.

பெரிய சேதத்துக்கு, அதாவது இன்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் மாதிரி, நுகர்வோர் ஆணையம்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த வழி நமக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பெங்களூரில் சர்வீஸ் விட்ட ஓசூர்க்காரர் கர்நாடகாவுக்கு அலைய வேண்டியதில்லை; சேலத்தில் விட்ட தருமபுரிக்காரர் தருமபுரி ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. சர்வீஸ் பில் எப்படியும் அதற்குள்தான் இருக்கும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், நீட்டித்தால் இன்னும் 15. அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

இங்கே ஜெயிப்பது கோபத்தால் ஆகாது, அறிக்கையால் ஆகும். வண்டியைப் பிரிக்கும் முன் வாகனச் சேதத்தை மதிப்பிடும், லைசென்ஸ் உள்ள ஒரு சர்வேயரை நம் செலவில் வரவழைத்து, எதிர்த்தரப்புக்கும் தேதியைத் தெரிவித்து, அவர் முன்னால் பிரியுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறுப் பதிவை யாராவது அழித்திருந்தால், அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அந்தத் தூரமும் சர்வீஸ் முடிந்த பிறகு மீட்டரில் ஓடிய தூரமும் ஒன்றாக இருந்தால், யார் அழித்தார்கள் என்று விளக்க வேண்டியது அவர்கள்.

மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கான சேவை இந்தச் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருந்தாது. புகாரின் முதல் பத்தியிலேயே "என் பிழைப்புக்காக நானே ஓட்டும் ஒரே வண்டி" என்று எழுதிவிடுங்கள். பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

ஆணையத்தின் உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 72இன் கீழ் அதே ஆணையத்தில் மனு போடலாம். ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீட்டுக்கு 45 நாள். உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் அவர்கள் மாநில ஆணையத்துக்குப் போக முடியும்.