மொட்டை மாடியில் 9 வருடங்கள்: டிடி ஃப்ரீ டிஷ் பயன்பாட்டு அனுபவம்

2016 கடைசியில் திருமங்கலம் பக்கம் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டினோம். 60 செ.மீ. டிஷ், எம்பெக் 2 என்ற பழைய படச் சுருக்க முறையில் ஓடும் செட்-டாப் பெட்டி, எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கி ஒயரில் அனுப்பும் சிறு கருவி), 20 மீட்டர் ஒயர், கூலி எல்லாமாக 1,700 ரூபாய் ஆனது. அதற்கப்புறம் சந்தா என்று ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, கட்டவும் தேவையில்லை. வீட்டில் அதிகம் பார்ப்பது அம்மாதான். இந்த 9 வருடங்களில் 2 டிஷ், 2 பெட்டி, 3 எல்என்பி மாறியிருக்கின்றன. எது எதற்காக மாறியது, எதை மாற்றியிருக்கவே வேண்டாம் என்று விவரமாக எழுதுகிறேன். மழைக்கு மழை படம் நின்று அலுத்துப்போனவர்களுக்கு இது உதவும்.

இந்தச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. டெல்லி தோடாப்பூர் தரை நிலையத்திலிருந்து மேலே போகும் சிக்னல், 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-15 சாட்டிலைட் வழியாக நாடு முழுக்க இறங்குகிறது. எங்கள் வீடு அதற்கு முன்பு கொடைக்கானல் டவரைப் பார்த்து யாகி ஆன்டெனா வைத்திருந்த வீடு. அப்பா மாடியில் குழாயைத் திருப்புவார், நான் வாசலில் நின்று "போதும்ப்பா, கொஞ்சம் இடது பக்கம்" என்று கத்துவேன். அந்த அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் ஆள் தெரிவார், குரல் கேட்கும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. பெட்டிக்குள் நடக்கும் பிழைதிருத்தம் சமாளிக்கிற வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த நொடி திரை கறுத்துவிடும். முதல் வருடம் நாங்கள் அந்த விளிம்பிலேயே குடியிருந்தோம், அது எங்களுக்குத் தெரியாது.

2017 ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. தூறல் வலுத்தாலே படம் போய்விடும். மாட்டிக்கொடுத்த தம்பியை மறுபடி கூப்பிட்டேன். அவர் பெட்டியில் மெனுவைத் திறந்து காட்டி, "அண்ணே, சிக்னல் 85 இருக்குண்ணே, இதுக்கு மேல வராது" என்றார். அவர் காட்டியது ஸ்ட்ரெங்த். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது, குவாலிட்டி என்று. அது 48.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் வீட்டில் பிரச்சினை தீராமல் கிடக்கிறது என்பது என் கருத்து. ஸ்ட்ரெங்த் என்பது ஒயர் வழியாகப் பெட்டிக்கு வந்து சேரும் மொத்தச் சக்தி. அதில் சிக்னலும் இருக்கும், வேண்டாத அலைகளான இரைச்சலும் இருக்கும். கெட்டுப்போன எல்என்பி இரைச்சலை அள்ளிக் கொடுத்தாலும் அந்தக் கோடு ஏறும். குவாலிட்டிதான் இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது, பிழை எவ்வளவு வருகிறது என்பதைக் காட்டுவது. டிஷ்ஷைத் திருப்பும்போது பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். எந்தப் பெட்டியிலும் அந்த எண்ணுக்கு உறுதியான அளவுகோல் கிடையாது, ஒரு பெட்டியின் 60 இன்னொன்றில் 75 ஆகக் காட்டலாம். அதனால் பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிடாமல், உங்கள் பெட்டியில் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள்.

சரி, 48 எப்படி ஏறியது? டிஷ்ஷின் திசையைத் திருப்பிப் பார்த்தேன், சாய்வை மாற்றிப் பார்த்தேன், இரண்டு மூன்று புள்ளிதான் கூடியது. கடைசியில் விஷயம் எல்என்பியின் முறுக்கில் இருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃப்ரீ டிஷ் சிக்னல் செங்குத்து அலைவாட்டத்தில், அதாவது மேலும் கீழுமாக ஆடும் அலையாக வருகிறது. ஆனால் 'செங்குத்து' என்பது சாட்டிலைட்டின் கணக்கில். சாட்டிலைட் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே தள்ளி நிற்பதால், நம் கண்ணுக்கு அந்த அலை சாய்ந்து வந்து விழுகிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப எல்என்பியையும் அதன் பிடிக்குள் முறுக்க வேண்டும். எவ்வளவு என்பது ஊரைப் பொறுத்தது. டெல்லியில் 27 டிகிரி வரும். மதுரை வட்டாரத்தில் கணக்குப் போட்டால் 57 டிகிரி! பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்தக் கோணம் கூடிக்கொண்டே போகும். செயல்முறை விளக்கம் என்று பரவலாகக் கிடைப்பவை பெரும்பாலும் வட இந்தியாவுக்கானவை. அதே மாதிரி லேசாக முறுக்கி விட்டுவிட்டால் இங்கே 30 டிகிரி தவறிப்போகும். 30 டிகிரி தவறினால் நமக்கு வேண்டிய சிக்னலில் கால் பங்கு போய்விடும். அதைவிட மோசம், அதே சாட்டிலைட்டின் படுக்கைவாட்டச் சிக்னலில் கால் பங்கு நம் எல்என்பிக்குள் நுழைந்து இரைச்சலாகிவிடும். ஸ்ட்ரெங்த் 85-ல் நின்றும் குவாலிட்டி 48-ல் கிடந்ததன் காரணம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடியின் திருகைத் தளர்த்தி, என் தம்பி மகனை டிவி முன்னால் உட்காரவைத்து, போனில் எண்ணைச் சொல்லச் சொன்னேன். நான்கு நான்கு டிகிரியாகத் திருப்பினேன். 48, 53, 59, 64, 70, 74. அப்புறம் இறங்க ஆரம்பித்ததும் ஒரு படி பின்னால் திருப்பி இறுக்கினேன். செலவு ஒன்றும் இல்லை. அந்த வருடம் மீதி மழைக்கு நாங்கள் டிவியை நிறுத்தியது இடிக்குப் பயந்துதான். எந்தப் பக்கம் முறுக்குவது என்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், குவாலிட்டிக் கோடே சொல்லிவிடும்.

டிஷ்ஷின் கோணம் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து இந்தச் சாட்டிலைட் தென்கிழக்கில், வடக்கிலிருந்து அளந்தால் 122 டிகிரியில், தரையிலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய உச்சி. ஆனால் நாம் மாட்டுவது ஆஃப்செட் டிஷ் என்பதால் தகடு பார்க்கும் திசைக்கும் அது சிக்னல் வாங்கும் திசைக்கும் 24 டிகிரி போல வித்தியாசம் உண்டு. எனவே டிஷ் பாதிதான் சாய்ந்திருப்பது போலத் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இவ்வளவு உயரத்தில் இருப்பதில் ஒரு லாபம், எதிர் வீட்டு மாடியோ தெருவோரத் தென்னையோ மறைக்காது. எங்களுக்குக் குறுக்கே வந்தது எங்கள் வீட்டு முருங்கைதான். டிஷ்ஷின் தலைக்கு மேலேயே கிளை விட்டிருந்தது. நனையாத இலையும் சிக்னலைக் குறைக்கும். மழையில் நனைந்த இலைக்கொத்தோ ஃப்ரீ டிஷ் வரும் கேயூ பேண்ட் அலைவரிசைக்குச் சுவர் மாதிரி.

அடுத்து ஒயரும் கனெக்டரும். எல்என்பி 11090 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலிலிருந்து 9750-ஐக் கழித்து 1340 ஆக்கிக் கீழே அனுப்புகிறது. அந்த அலைவரிசையில் ஆர்ஜி 6 வகை ஒயரில் 20 மீட்டருக்கு 5 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) அளவுக்கு இழப்பு சாதாரணம், எல்என்பி பெருக்கித் தருவதால் அது பாதிக்காது. பாதிப்பது தண்ணீர். 2019-ல் கனெக்டர் வழியாக ஒயருக்குள் ஈரம் இறங்கி உள்கம்பி பச்சை பூத்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் எல்என்பியை மாற்றினேன், அது வீண் செலவு. இப்போது கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு ஏறாது. வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், டேப்பை உரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றுவேன்.

2020-ல் 90 செ.மீ. டிஷ்ஷுக்கு மாறினேன். பரப்பு இரண்டேகால் மடங்கு என்பதால் சிக்னல் 3.5 டெசிபல் கூடும். வெயில் நாளில் இதனால் படம் கொஞ்சமும் மாறாது. கொட்டும் மழையில் மட்டும்தான் வித்தியாசம். கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டே முக்கால் சென்டிமீட்டர்தான், பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்யும். முன்பு கால் மணி நேரம் போகும் இடத்தில் இப்போது இரண்டு மூன்று நிமிடம் போகிறது. மழை அதிகமான ஊர்க்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன்; ஆனால் முறுக்கைச் சரிசெய்த பிறகு.

வானம் தெளிந்து கிடக்கும்போது படம் நின்றால் சிலர் பெட்டியைத் தட்டுவார்கள். மார்ச் 16-ஐ ஒட்டியும் செப்டம்பர் 27-ஐ ஒட்டியும் சில நாட்கள், முற்பகல் 11 மணி சுமாருக்குப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ஒரு பெரிய ரேடியோ இரைச்சல் மூலம் என்பதால் எல்என்பி அதில் மூழ்கிவிடும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகும். உங்கள் டிஷ் சரியான திசையில் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்த நாள் நல்ல நாள். எல்என்பியின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால், காற்றில் டிஷ் நகர்ந்தாலும் அடுத்த முறை கண்டுபிடித்துவிடலாம்.

படத்தின் தரம் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டில் ஒரு கொத்துச் சேனல்களைச் சுமக்கும் பகுதி) 29500 சிம்பல் ரேட் (தரவு அனுப்பும் வேகம்), 3/4 பிழைதிருத்தம் (நான்கில் ஒரு பங்கு பிழையைத் திருத்தவே போகும்) என்றால் மொத்தம் நொடிக்கு 40 மெகாபிட்தான் மிஞ்சும். அதைப் பதினைந்து, பதினாறு சேனல்களுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு இரண்டரை மெகாபிட் வரும். எம்பெக் 2-க்கு அது கம்மி. செய்தி வாசிப்பவர் முகம் நன்றாக இருக்கும், கிரிக்கெட்டில் புல்தரை குழைந்து தெரியும். 32 அங்குலம் வரை கண்ணை உறுத்தாது. 2022-ல் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும் டிவி வாங்கினோம், ஒயரை நேரே அதன் பின்னால் சொருகிவிட்டோம். பெட்டி இல்லை, இன்னொரு ரிமோட் இல்லை, புதிய சுருக்க முறையான எம்பெக் 4 சேனல்களும் வருகின்றன. அம்மாவுக்கு ஒரே ரிமோட் என்பதே பெரிய நிம்மதி.

குறை என்றால் தமிழ்ச் சேனல்கள் கம்மி என்பதுதான். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து இதில் வருகின்றன, எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். அம்மாவுக்கு டிடி தமிழ் போதும். 2024 ஜனவரியில் பெயர் மாறியும் அவர் இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார். எனக்குப் போதவில்லை. அதனால் 2021-ல் சி பேண்ட் என்ற, கேயூவைவிடக் குறைந்த அலைவரிசைக்கான 6 அடி டிஷ் ஒன்றும் வைத்தேன், 66 டிகிரி கிழக்கில் உள்ள இன்டெல்சாட் 17 சாட்டிலைட்டைப் பார்த்து. அப்போது சில தமிழ்ச் சேனல்கள் அதில் பூட்டில்லாமல் வந்தன. சி பேண்டுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் டிஷ் மல்லாந்து கிடப்பதால் தண்ணீர் தேங்கியது, தாழ்ந்த பக்கத்தில் துளை போட்டேன்.

2023-ல் அதற்கு வேறு வில்லங்கம் வந்தது. நாள் முழுக்க நல்ல குவாலிட்டி காட்டிய சேனல்கள் திடீரென்று திக்க ஆரம்பித்தன. பக்கத்துத் தெருவில் 5ஜி கோபுரம் இயங்கத் தொடங்கியிருந்தது. 5ஜிக்கு ஒதுக்கிய 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸும், சி பேண்ட் டிவி வரும் 3700 முதல் 4200-உம் அண்டை வீடுகள். என் பழைய எல்என்பி 3400-இலிருந்தே திறந்து கிடந்தது, எனவே கோபுரத்தின் பலத்த சிக்னலில் திணறிப்போனது. 3700-க்குக் கீழே வடிகட்டும் எல்என்பி வாங்கி மாட்டியதும் சரியானது. இப்போது சி பேண்ட் வைக்கிறவர்கள் முதலிலேயே அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சி பேண்டில் அலைவரிசைகள் அடிக்கடி மாறும், அலைவரிசை சொல்லாமலே சேனல்களைத் தேடிப் பிடிக்கும் பிளைண்ட் ஸ்கேன் உள்ள பெட்டி இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஃப்ரீ டிஷ்ஷிலும் ஏலத்துக்குப் பின் சேனல் வரிசை மாறுவதுண்டு. அம்மா "டிவியில அந்த சேனலக் காணோம்பா" என்றால் முதலில் ஆட்டோ ஸ்கேன் போடுவேன். பத்தில் எட்டு முறை அதோடு முடிந்துவிடும். மீதி இரண்டுக்கு ஏணியை எடுக்க வேண்டியதுதான்.