மிச்சக் கிழங்கும் என் இடுப்பும்: ஐந்துக்கு நான்கு

அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் உருளைக்கிழங்கைப் பொறுக்கி இல்லாதவர்களுக்கு அனுப்பும் ஒரு தன்னார்வக் குழுவோடு போன சனிக்கிழமை போயிருந்தேன். இயந்திரம் போன பிறகு என்ன மிஞ்சப்போகிறது என்றுதான் நினைத்தேன். விரலால் மண்ணைக் கிளறினால் கோணல்மாணலாக, குட்டிக்குட்டியாக வந்துகொண்டே இருக்கிறது! வியாபாரிக்கு ஆகாத அளவு, அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த விதம் அருமை. பச்சை படர்ந்த கிழங்கு வேண்டாம், அதில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும். வெட்டுப்பட்டதையும் விட்டுவிட வேண்டும். முக்கியமாக, கழுவக் கூடாது. ஈரத்தோடு கட்டினால் மூட்டையே அழுகிவிடும். ஆர்வக்கோளாறில் ஒரு கூடையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

குறை என்றால், கையுறை எல்லாம் ஒரே அளவு. எனக்குத் தொளதொள. பத்து மணிக்கே குடிதண்ணீர் தீர்ந்தது. ஏற்றிப்போக வர வேண்டிய வண்டி ஒரு மணி நேரம் தாமதம், மூட்டைகள் வெயிலில் கிடந்தன. இது சரியில்லை.

அப்புறம் இடுப்பு. 1857இல் பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி மட்டும் பாதி நிமிர்ந்திருப்பாள். ஏனென்று இப்போது தெரிகிறது. அடுத்த சனிக்கிழமைக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன், கையுறை என்னுடையது.